நீரிழிவும் நீறுபூத்த நெருப்பும்

ஒரு நோய்க்கு முன்னோர் இட்ட பெயர் அதன் இயல்பை எவ்வளவு தூரம் உணர்த்துகின்றது என்று ஆராய்வது தமிழாசிரியர்க்கு இயல்பான பழக்கம். நீரிழிவு என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஈண்டு இழிவு என்பது இகழ்ச்சியைக் குறிப்பதன்று. இழிதல் என்பதற்கு இறங்குதல், வழிந்தோடுதல் என்பன பொருள். மலையினின்று அருவி இழிகின்றது என்பர் சான்றோர். உடலினின்று நீர் மிகுதியாக இழிதலின் நீரிழிவாயிற்று. கிரேக்கர் வழங்கிய ‘டயாபிட்டீஸ்’ என்னும் பெயரும் ஊடறுத்து ஓடுதலையே குறிக்கும். எங்கள் மட்டக்களப்பு நாட்டில் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் மக்கள் வழங்குவர். இப்பெயர்கள் யாவும் நீரையும் சீனியையும் சுட்டுகின்றனவேயன்றி, இந்நோயினுள்ளே மறைந்து கிடக்கும் மற்றொன்றைச் சுட்டவில்லை. அம்மற்றொன்று நெருப்பு.

மருத்துவர் அதனை அழற்சி என்பர். அழல் என்பது தீ. அதனடியாகப் பிறந்ததே அழற்சி. மேனாட்டாரும் தீப்பற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றே தம் சொல்லை ஆக்கிக்கொண்டனர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியராகிய செல்சஸ் இதற்கு நான்கு குறிகள் கூறினார்: செம்மை, வீக்கம், வெம்மை, நோவு. காலில் முள் தைத்தால் இந்நான்கையும் காண்கின்றோம். அது நமக்கு நன்மையே செய்கின்றது. உட்புகுந்த கிருமியை அழிக்க இரத்தத்தின் வெண்ணணுக்கள் திரண்டு வருகின்றன, பகை ஒழிந்தபின் கலைந்து செல்கின்றன, புண்ணும் ஆறுகின்றது. வேலை முடிந்தபின் அணையும் அடுப்பு அது. நீரிழிவாளர் பலர் உடம்பிலோ அவ்வடுப்பு அணைவதில்லை. செம்மையில்லை, வீக்கமில்லை, நோவுமில்லை. நீறுபூத்த நெருப்பாய் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கின்றது. இதனையே நாட்பட்ட அழற்சி என்கின்றனர்.

இதனை இன்று ஆராயவேண்டிய தேவை என்ன? இலங்கையில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவ நடந்த உடல்நல ஆய்வின் முடிபு 2023இல் வெளியாயிற்று. வயதுவந்தோருள் நூற்றுக்கு 23 பேர் நீரிழிவுடையோர் என்றும், மேலும் 30 பேருக்கு அந்நோயின் முன்னிலை உளது என்றும் அது கூறியது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்விற் கண்ட தொகை நூற்றுக்கு 10 பேரளவே. இரண்டின் அளவுமுறைகளும் முற்றும் ஒன்றல்ல; ஆயினும் நோய் பெருகிய போக்கினை மறுத்தற்கில்லை. நால்வருள் ஏறத்தாழ ஒருவருக்கு உள்ள நோயைப் பற்றி, ‘சீனியைக் குறை, குளிசையைப் போடு’ என்னும் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் நாம் அறிந்து வைத்திருத்தல் வேண்டாமா?

இந்நெருப்பு மூளும் வழி இது. உண்ட உணவின் மிகுதி வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பாகத் தங்குகின்றது. கொழுப்பு வெறுஞ் சேமிப்புப் பொருள் என்றே நெடுங்காலம் கருதியிருந்தனர். அளவுக்கு மிஞ்சிப் பருத்த கொழுப்பணுக்களைச் சுற்றி, கிருமிகளை விழுங்கும் வெண்ணணுக்கள் கூடிச் சில பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றன் வினையை 1993இல் அமெரிக்க அறிஞர் எலிகளிற் கண்டு காட்டினர். இப்பொருள்கள் இன்சுலினுடைய ஏவலைத் தசையும் ஈரலும் கேளாவண்ணம் தடுக்கின்றன. ஏவல் கேளாதபோது இரத்தத்தில் வெல்லம் மிகுகின்றது. மிகுந்த வெல்லம் புரதங்களில் ஒட்டி அவற்றைக் கெடுக்கின்றது; கெட்ட புரதங்கள் வெண்ணணுக்களை மேலும் சினமூட்டுகின்றன. நெருப்பால் வெல்லமும், வெல்லத்தால் நெருப்பும் வளர்கின்றன. இச்சுழலிலே இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதுபடுகின்றது. இருதயம், சிறுநீரகம், கண் என்பன நலிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வறிவின் வித்து பழையது. 1876இல் செருமனியில் எப்சுதைன் என்பாரும், 1901இல் இங்கிலாந்தில் வில்லியம்சன் என்பாரும், வாதநோவுக்குக் கொடுக்கும் சாலிசிலேற்று மருந்தை மிகுதியாக உட்கொண்ட நீரிழிவாளரின் சிறுநீரில் வெல்லம் குறைந்ததைக் கண்டு எழுதினர். அது அழற்சியைத் தணிக்கும் மருந்து. ஏன் வெல்லம் குறைந்தது என்பது அன்று விளங்கவில்லை. 1921இல் இன்சுலின் கண்டறியப்பட்டபின் அக்குறிப்புகள் மறக்கப்பட்டன. நெடுங்காலம் கழிந்தபின்னரே மீண்டும் எடுத்துப் பார்த்தனர்.

அங்ஙனமாயின், நெருப்பை அணைத்தால் நீரிழிவு தீர்ந்துவிடுமோ? அவ்வளவு எளிதன்று. மாரடைப்பு வந்தோர் பதினாயிரவரைக் கொண்டு நடந்து 2017இல் முடிபு வெளியான ஒரு பெரும் ஆய்வில், அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசிமருந்து மீண்டும் மாரடைப்பு வருதலைக் குறைத்தது. ஆனால் நீரிழிவு புதிதாகத் தோன்றுவதை அது தடுக்கவில்லை. ஊசி பெற்றோரிடையே உயிர்கொல்லும் தொற்றுகளும் சிறிது மிகுந்தன. ஆதலின் ‘அழற்சி போக்கும் சூரணம்’, ‘சலரோகத்தை வேரறுக்கும் கசாயம்’ என்று விற்கப்படுவனவற்றை நம்பி மருத்துவர் தந்த குளிசையைக் கைவிடுவோர் பெருந்தீங்கைத் தேடிக்கொள்கின்றனர். நெருப்பு ஓரளவு நமக்கு வேண்டும். அணைப்பதன்று, அடக்குவதே வழி.

அடக்குதற்கு முதலில் அது வெளிப்படும் இடத்தை அறிதல் வேண்டும். கண்ணாற் காணக்கூடிய இடம் ஒன்று உண்டு, அது பல்முரசு. பல் துலக்கும்போது முரசில் இரத்தம் கசிவதை நம்மவர் பொருட்படுத்துவதில்லை. வெற்றிலைச் செம்மை அக்குறியையும் மறைத்துவிடுகின்றது. முரசுநோய் பற்றி உலகம் போற்றும் ஆய்வொன்று நம் நாட்டிலேயே நடந்தது. 1970 தொடக்கம் பதினைந்து ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை நோர்வே நாட்டு அறிஞர் லோவும் அவருடைய துணைவரும் ஆராய்ந்தனர். அத்தொழிலாளர்க்குப் பல் மருத்துவம் கிட்டவில்லை. பல் துலக்கும் வழக்கமும் இல்லை. எல்லோர் பல்லிலும் ஒரே வகை அழுக்கு. ஆயினும் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு மெல்ல முற்றியது. 11 பேருக்கு மேலும் பரவவேயில்லை. அது நீரிழிவாளரைப் பற்றிய ஆய்வன்று. ஆயினும் ஓர் உண்மையை அது நிலைநாட்டிற்று: கிருமி ஒன்றாயினும் அதற்கு உடம்பு விடுக்கும் விடை ஒன்றன்று. நீரிழிவாளரின் உடம்பு விடுக்கும் விடையோ கொடிது. ஆதலின் முரசு விரைந்து அழிகின்றது. அவ்வழற்சி இரத்த வெல்லத்தையும் உயர்த்துகின்றது. முரசைச் செம்மையாகச் சுத்தஞ்செய்து சிகிச்சை செய்தால், மூன்று மாத வெல்லநிலையைக் காட்டும் ஏ1சி அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி குறைகின்றது என்பதைப் பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்த 2022ஆம் ஆண்டு மதிப்பீடு உறுதிசெய்தது. இருந்தும் சலரோகச் சிகிச்சைக்குச் செல்வோருள் எத்தனை பேர் பல் மருத்துவரிடமுஞ் செல்கின்றனர்?

மற்றோர் இடம் பாதம். படுவான்கரையில் வாழும் எங்கட்கு இது வாழ்வுச் சிக்கல். மண்டூரைச் சூழ்ந்தவை நெல்வயல்கள். பெரும்போக வேளாண்மை வடகீழ்ப் பருவ மழையோடு வருவது. உழவர் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகின்றனர். நீரிழிவால் நரம்பு மரத்த காலில் முள் தைத்தாலும் தெரிவதில்லை. பிறர்க்குச் சில நாளில் அழற்சி நிலையைக் கடந்து ஆறும் புண், இவர்க்கு அந்நிலையிலேயே தங்கிவிடுகின்றது. விரலிற் தொடங்கியது காலை எடுப்பதில் முடிவதும் உண்டு.

அச்சேற்றிலே மற்றொரு பகையும் உளது. மெலியோயிடோசிஸ் என்னும் நோயை விளைக்கும் கிருமி ஈரமண்ணில் வாழ்வது. மழைக்காலத்தே மிகுதியாகத் தாக்குவது. 1927இல் கொழும்பில் ஒருவரிடம் காணப்பட்ட இந்நோய், நெடுங்காலம் அருமையானது என்றே எண்ணப்பட்டது. இந்நூற்றாண்டில் முறையாகத் தேடத் தொடங்கியபின், மட்டக்களப்பு உட்பட நாட்டின் பல பகுதிகளில் அது உண்டென்பது தெளிவாயிற்று. இதற்கு ஆளாவோருட் பெரும் பகுதியினர் நீரிழிவாளர். இங்கேதான் வியப்பு உள்ளது. எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும் உடம்பு, உண்மைப் பகைவன் வரும்போது அவனை எரிக்க வலியற்றுப் போகின்றது. ஓயாது பொய்க்கூச்சல் எழுப்பிய காவலன், கள்வன் வந்த இரவில் தளர்ந்து கிடப்பது போன்றது இது. காய்ச்சல், நெஞ்சுச்சளி, உள்ளுறுப்புகளிற் கட்டி எனப் பல வேடங்களில் வருதலின் இதனை இனங்காண்பது அரிது. வழக்கமான கிருமிகொல்லிகள் பல இதற்குப் பயன்படா. உரிய மருந்தை முதலிற் கிழமைக்கணக்கில் ஊசியாகவும், பின்னர் மாதக்கணக்கில் குளிசையாகவும் கொடுத்தல் வேண்டும். ஆதலின் மழைக்காலத்திற் காய்ச்சல் கண்ட நீரிழிவாளர் மருத்துவரிடம் ‘எனக்குச் சீனி வருத்தம் உண்டு, வயலில் இறங்கினேன்’ என்று சொல்லுதல் உயிர்காக்கும் வாக்கியமாகும்.

செய்யத்தக்கன பல. வயலில் இயன்றவரை காலணி அணிதலும், புண்ணை மூடிக்கொண்டன்றிச் சேற்றில் இறங்காமையும், இரவில் பாதத்தைக் கழுவி விளக்கொளியிற் பார்த்தலும் எளியன. உடலுழைப்பும் வயிற்றுக் கொழுப்பைக் குறைத்தலும் நெருப்பின் விறகைக் குறைப்பன. புகையிலை அதற்கு நெய். இவற்றைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர் மட்டுமல்லர்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த டாக்டர் கிறீன் (1822–1884) சொல்லில்லை என்று வாளாவிருக்கவில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்ததும் அறிவு பொதுமக்களைச் சேர வேண்டும் என்பதற்காகவே. சொல் இன்று நம்மிடம் உண்டு. அழற்சி என்னும் அச்சொல் தேர்வு வினாத்தாளோடு நின்றுவிடுகின்றது என்பதே யான் காணும் குறை. என் மாணாக்கருள் வேளாண்மை செய்வோரின் பிள்ளைகள் பலர். தந்தையின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவும், தாயின் முரசில் இரத்தம் கசிகின்றதா என்று கேட்கவும் அறிந்த பிள்ளை, அச்சொல்லின் பொருளை உள்ளவாறு கற்ற பிள்ளையாவான். அத்தகைய கல்வியை அடுத்த மாரிக்கு முன்னரே தொடங்குவோமாக.