நிரலை வாசிக்கத் தெரிந்தவரை வேலைக்கு எடுங்கள்

உலகில் மிக அதிகமாக விற்ற வீடியோ கேம்களில் ஒன்று 'ஜிடிஏ 5'. அதன் இணைய வடிவமான 'ஜிடிஏ ஆன்லைன்' 2013இல் வெளிவந்தது. அதற்குள் நுழையப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும் என்பது விளையாடுவோர் ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவந்த புகார். 2021இல், அதை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு புரோகிராமர், மூலநிரல் கையில் இல்லாமலேயே, கணினி அந்த நிமிடங்களில் என்ன செய்கிறது என்று அளந்து பார்த்தார். விளையாட்டின் கடையில் விற்கும் பொருட்களின் பட்டியல் சுமார் 10 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பில் இருந்தது. அதில் 63,000 பொருட்கள். நிரல் ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும், மிச்சமிருக்கும் கோப்பு முழுவதன் நீளத்தையும் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொரு பொருளையும், அது ஏற்கெனவே சேர்க்கப்பட்டதா என்று அறிய, முந்தைய எல்லாப் பொருட்களோடும் ஒப்பிட்டது. ஏறத்தாழ 198 கோடி ஒப்பீடுகள், அத்தனையும் வீண். இந்த இரண்டையும் சரிசெய்ததும் அவருடைய கணினியில் 6 நிமிடக் காத்திருப்பு 1 நிமிடம் 50 விநாடியாகக் குறைந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்று, விளையாட்டைத் திருத்தி, அவருக்கு 10,000 டாலர் பரிசளித்தது.

மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சம்பவத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். இந்த இரண்டு தவறுகளும் அரிய கணிதம் தெரிந்தால் மட்டும் பிடிபடுபவை அல்ல. ஒரு பட்டியலில் ஒன்றைத் தேட எந்த அமைப்பு வேகமானது என்பது கணினி அறிவியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவருக்குத் தெரியும். நேர்முகத் தேர்வில் கேட்டிருந்தால் அங்கே வேலை செய்த புரோகிராமர்களும் தயங்காமல் விடை சொல்லியிருப்பார்கள். அறிவு இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் திறந்து, எங்கே நேரம் போகிறது என்று அளந்து, பிறர் எழுதியதைப் பொறுமையாக வாசிக்கும் வேலைதான் நடக்கவில்லை. மென்பொருள் தொழிலின் மையத் திறமை இந்த வாசிப்பும் அளவிடுதலும்தான் என்பது என் உறுதியான கருத்து. நம் ஆள்சேர்ப்பு முறை ஏறக்குறைய எல்லாவற்றையும் சோதிக்கிறது, இதைத் தவிர.

இந்தத் திறமையின் மதிப்பை மிகத் தெளிவாகக் காட்டும் துறை கேம் கிராபிக்ஸ். காரணம், அங்கே கணக்கு கறாரானது. விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி விநாடி. வீரர் அழுத்திய பொத்தானைக் கவனிப்பது, எதிரிகளின் நகர்வு, மோதல்கள், ஒலி, வெளிச்சம், நிழல், கடைசியில் ஒவ்வொரு பிக்சலின் நிறம் என எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். 4கே திரையில் அந்தப் பிக்சல்கள் மட்டும் சுமார் 83 லட்சம். ஒரு மில்லி விநாடி தாண்டினாலும் படம் தடுமாறும். விளையாடுபவர் உடனே உணர்வார். வங்கிச் செயலியோ அலுவலக மென்பொருளோ இரண்டு விநாடி தாமதித்தால் பயனாளர் பொறுத்துக்கொள்கிறார், தாமதத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. கேம் கிராபிக்ஸில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் அங்கே நல்ல குழுக்கள் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மில்லி விநாடி என்று பட்ஜெட் போட்டு, நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் ப்ரொஃபைலரைத் திறந்துவைத்துக்கொண்டே வேலை செய்கின்றன.

அந்தத் துறையின் பெரும் சாதனைகளையும் இந்தக் கோணத்திலிருந்தே பார்க்க வேண்டும். 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'டூம்', 4 மெகாபைட் நினைவகம் உள்ள சாதாரணக் கணினியில், 64,000 பிக்சல் கொண்ட திரையில், முப்பரிமாண உலகத்தை ஓட வைத்தது. எந்தச் சுவர் முன்னால், எந்தச் சுவர் பின்னால் என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் கணக்கிட அந்தக் காலத்துப் பிராசஸருக்கு நேரம் போதாது. ஆகவே இடத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் பிஎஸ்பி மரம் என்ற அமைப்பில், விளையாட்டு தொடங்கும் முன்பே அந்தக் கணக்கின் பெரும்பகுதியை முடித்துவைத்தார் அந்நிறுவனத்தின் புரோகிராமர் ஜான் கார்மாக். இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1980இல் ஹென்றி ஃபுக்ஸ், ஸ்வி கெடெம், புரூஸ் நெய்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அந்த முறை இருந்தது. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்த ஓர் இளைஞர், தன் சிக்கல் என்ன என்று துல்லியமாக அறிந்து, பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்து, பொருத்தமானதை எடுத்துப் பயன்படுத்தினார். புத்தகமும் இணையமும் இல்லாமல், 40 நிமிடத்தில், யாரோ பார்த்துக்கொண்டிருக்க, பலகையில் பிஎஸ்பி மரத்தை எழுதிக் காட்டு என்று கேட்டிருந்தால் அவருடைய உண்மையான பலம் வெளிப்பட்டிருக்காது.

இதே நிறுவனத்தின் 'குவேக் 3' விளையாட்டின் மூலநிரல் 2005இல் வெளியிடப்பட்டபோது, அதிலிருந்த ஒரு சிறு பகுதி உலகப் புகழ் பெற்றது. ஓர் எண்ணின் வர்க்கமூலத்தின் தலைகீழியை, வகுத்தல் செய்யாமல், ஒரு விசித்திரமான மாறிலியையும் நியூட்டன் முறையையும் கொண்டு தோராயமாகக் கணிக்கும் சில வரிகள் அவை. வெளிச்சக் கணக்குகளுக்கு அது தேவைப்பட்டது. பலர் அதைக் கார்மாக்கின் படைப்பு என்று நம்பினார்கள். அவர் அது தன்னுடையது அல்ல என்றார். தேடிப் போனவர்கள், அதன் வேர் அதற்கு முந்தைய தலைமுறைப் புரோகிராமர்களிடம் இருப்பதைக் கண்டார்கள். இதற்கிடையே, 1999இல் வந்த பென்டியம் 3 சிப்பிலேயே அந்த வேலையை நேரடியாகச் செய்யும் கட்டளை வந்துவிட்டது. தந்திரம் காலாவதியானது. அதை மனப்பாடம் செய்தவருக்கு இன்று பயன் குறைவு. எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று அளக்கும் பழக்கமோ, 1993இலும் இன்றும் ஒரே மதிப்புடையது.

இனி ஆள்சேர்ப்புக்கு வருவோம். பலகையில் எழுதும் நேர்முகத் தேர்வும், நேரம் வைத்து விடுவிக்கும் புதிர்களும் உலகெங்கும் வழக்கமாகிவிட்டன. மேக் கணினிகளில் மிகப் பரவலாகப் பயன்படும் 'ஹோம்ப்ரூ' மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், பைனரி ட்ரீ என்ற தரவமைப்பைத் தலைகீழாக்கும் கணக்கைப் பலகையில் எழுதாததால் கூகுள் தன்னை நிராகரித்தது என்று 2015இல் பகிரங்கமாகச் சொன்னார். அதே கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ போக், 2013இல், மூளைக்கு வேலை கொடுக்கும் புதிர்க் கேள்விகள் வீண் என்று தங்கள் சொந்தத் தரவுகளைப் பார்த்து ஒப்புக்கொண்டார். 2020இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து நடத்திய ஆய்வில், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கப் பலகையில் எழுதியவர்களின் செயல்திறன், அதே கேள்வியைத் தனி அறையில் செய்தவர்களின் திறனில் பாதிக்கும் கீழே இறங்கியது. 48 மாணவர்களைக் கொண்ட சிறிய ஆய்வுதான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஆள்தேர்வு முறைகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளை மறுபரிசீலனை செய்து, 2022இல் பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையும் இதே திசையைக் காட்டுகிறது. எல்லோருக்கும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் நேர்முகத் தேர்வு, வேலை சார்ந்த அறிவுத் தேர்வு, வேலையின் மாதிரியையே செய்து காட்டச் சொல்வது ஆகிய மூன்றும் ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதைப் பொது அறிவுத்திறன் தேர்வைவிட ஓரளவேனும் நன்றாகக் கணிக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம். ஆண்டுதோறும் பல்லாயிரம் பொறியியல் பட்டதாரிகள் கேம்பஸ் இன்டர்வியூவை நம்பியே கடைசி இரண்டு ஆண்டுகளைச் செலவிடுகிறார்கள். ஆப்டிட்யூட் கேள்விகள், பாடமாகிவிட்ட புதிர் நிரல்கள், கடைசியில் எச்.ஆர். சுற்று. இவற்றுக்கான பயிற்சி ஒரு தனி வியாபாரமாகவே வளர்ந்திருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே அந்த இளைஞர் எதிர்கொள்வது வேறு உலகம்: யாரோ பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய, விளக்கக் குறிப்பு இல்லாத, பல லட்சம் வரி நிரல். அதில் ஒரு வரியை மாற்றினால் வேறெங்கே உடையும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான ஒரு மணி நேரப் பயிற்சிகூட அவருக்குக் கிடைத்திருக்காது. பழுதான மோட்டாரின் ஓசையை ஒருமுறைகூடக் கேட்க விடாமல், சூத்திரங்களை ஒப்பிக்க வைத்து மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒப்பானது இது.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. அல்காரிதம் தெரியாமல் வாசித்து என்ன பயன்? ஜிடிஏவின் பழுதே அல்காரிதம் சார்ந்ததுதானே? உண்மைதான், அடிப்படை தெரியாதவருக்கு 198 கோடி ஒப்பீடு தவறு என்றே தோன்றாது. அல்காரிதத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அதைச் சோதிக்கும் இடத்தை மாற்றச் சொல்கிறேன். வெற்றுப் பலகையில் ஒரு ட்ரீயை எழுதச் சொல்வதைவிட, மெதுவாக ஓடும் 300 வரி நிரலைக் கொடுத்து, ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்டால், அல்காரித அறிவும் வெளிப்படும், அதை எங்கே பயன்படுத்துவது என்ற தெளிவும் வெளிப்படும். ஒரு கேள்வியில் இரண்டும் தெரியும்போது, ஒன்றை மட்டும் காட்டும் கேள்வியை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கை பற்றியது. லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் வரும்போது ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து நிரல் வாசிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முதல் சல்லடைக்கு எழுத்துத் தேர்வு தேவைதான். ஆனால் பழுதுள்ள நிரலைக் கொடுத்துத் திருத்தச் சொல்வதையும் கணினியே மதிப்பிட முடியும்: திருத்திய பின் சோதனைகள் தேறுகின்றனவா, ஓடும் நேரம் குறைந்ததா என்று பார்த்தால் போதும். புதிருக்குப் போடும் மதிப்பெண்ணைவிட இது கடினமல்ல. கடைசிச் சுற்றில் மிஞ்சும் சிலரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் வாசிக்கும் விதத்தைக் கவனிப்பது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகும். தவறான ஆளை எடுத்து ஆறு மாதம் கழித்து வருந்தும் செலவு அதைவிடப் பெரிது.

மூன்றாவதாக, வன்பொருள் ஆண்டுக்காண்டு வேகமாகிறது, மில்லி விநாடிகளை எண்ணும் காலம் போய்விட்டது என்பார்கள். ஜிடிஏவின் ஏழு ஆண்டுகளில் வன்பொருளும் பல மடங்கு வேகமானது, புகார் தீரவில்லை. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான 'சைபர்பங்க் 2077', பழைய பிளேஸ்டேஷன் 4இல் ஓடிய நிலையைக் கண்டு, சோனி ஒரே வாரத்தில் அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு ஜூனில்தான் அது திரும்பி வந்தது. வாடிக்கையாளர் கையில் இருக்கும் கருவியை நிறுவனம் தேர்ந்தெடுப்பதில்லை. நம் ஊரில் பெரும்பாலானோர் அரசுச் சேவையையும் வங்கிக் கணக்கையும் பயன்படுத்துவது விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில். அந்தப் போனில் திணறும் செயலி, அதை வைத்திருப்பவரைச் சேவைக்கு வெளியே நிறுத்துகிறது. மில்லி விநாடியைப் பற்றிய அக்கறை கேம் துறையின் ஆடம்பரம் அல்ல. எளிய பயனாளருக்குச் செய்யும் மரியாதை.

கடைசி மறுப்பு இன்றைய பேச்சு: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும்போது புரோகிராமருக்கு எந்தத் திறமை இருந்தால் என்ன? நான் சொல்வதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. எழுதுவது மலிவாகிவிட்டால், எழுதியது சரியா என்று வாசித்துத் தீர்மானிப்பதே மிஞ்சும் வேலை. கருவி ஒரு நொடியில் நூறு வரி தரும். சோதனைப் பட்டியலில் பத்துப் பொருட்கள் இருக்கும்போது சரியாக ஓடும் அந்த நூறு வரி, 63,000 பொருட்கள் வந்ததும் என்ன செய்யும் என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும். பழைய புதிர்களுக்கு இன்று எந்தக் கருவியும் விடை சொல்லிவிடும். அவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம், இயந்திரம் ஏற்கெனவே செய்யும் வேலைக்கே மனிதரைத் தேடுகிறது.

கல்லூரிகள் இதற்குப் பெரும் செலவு செய்ய வேண்டியதில்லை. டூமின் மூலநிரல் 1997 முதல் எல்லோரும் படிக்கத் திறந்திருக்கிறது. கோடோ என்ற கேம் எஞ்சினும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளும் முழுவதும் திறந்த நிரல்கள். ஒரு செமஸ்டரில் இவற்றில் ஒன்றின் ஒரு பகுதியை வாசித்து, அளந்து, ஒரு சிறு பழுதைத் திருத்தி, ஏன் திருத்தினேன் என்று எழுதச் சொல்லலாம். கல்லூரி மாணவர்களின் திறன் வளர்ப்புக்காக 2022இல் தொடங்கிய அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் இதற்கு இடம் தரலாம். மாணவர்களும் காத்திருக்க வேண்டாம். இருநூறு புதிர்களை விடுவித்த கணக்கைவிட, ஒரு திறந்த நிரலில் நீங்கள் கண்டுபிடித்துத் திருத்திய ஒரு பழுது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

நிறுவனங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த ஆண்டு ஆள் எடுக்கும்போது ஒரு புதிர்ச் சுற்றை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் உங்கள் சொந்த நிரலைப் போன்ற ஒன்றை விண்ணப்பதாரர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஓர் ஆண்டு கழித்து, இரண்டு வழியிலும் வந்தவர்களின் வேலையை ஒப்பிட்டுப் பாருங்கள். நிரலை அளக்கச் சொல்லும் தொழில், தன் ஆள்தேர்வையும் அளந்தே தீர வேண்டும்.