கையொப்பத்தோடு நின்றுவிடலாகாது

கூலிப் பட்டுவாடா நாட்களில் சங்க அலுவலகத்தில் நிகழ்வதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். ஒரு காலத்தில் பதிவேட்டின் பக்கமெல்லாம் பெருவிரல் ரேகைகளே நிறைந்திருந்தன. இன்று பெரும்பாலோர் கையொப்பம் இடுகின்றனர். மகிழத்தக்க மாறுதல்தான். ஆயினும், அவர்களுள் சிலர் தம் பெயரின் வடிவத்தை மட்டுமே எழுதிப் பழகியவர்கள். அப்பெயருக்கு மேலே உள்ள வாசகத்தைப் பிறர் படித்துச் சொன்னால்தான் அறிவார்கள்.

எழுத்தறியாதவர் கணக்கில் ஏமாறக்கூடும் என்பதைப் பலரும் சொல்லியிருக்கின்றனர். நாம் இங்கே சொல்ல விரும்புவது வேறோர் இழப்பைப் பற்றி. அந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. பள்ளியிலிருந்து வந்த குழந்தை படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, “இதைப் படித்துச் சொல்” என்று தாயின் அருகே வந்து அமர்கிறது. “வேலை கிடக்கிறது, பிறகு பார்க்கலாம்” என்கிறாள் தாய். வேலை கிடப்பது மெய்யே. ஆனால் சொல்லாமல் மறைத்த காரணம் வேறு. நாலைந்து முறை இவ்வாறு நடந்தபின் குழந்தை கேட்பதை நிறுத்திவிடுகிறது. புத்தகம் என்பது பள்ளிக்கூடத்துப் பொருள், வீட்டுக்கு உரியதன்று என்ற எண்ணம் அன்றே அதன் மனத்தில் விழுந்துவிடுகிறது.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பெண்களை மட்டும் கொண்டால் நூற்றுக்கு 73 பேரே. குழந்தையை மடியில் வைத்து வளர்க்கும் தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும்தான் இக்குறை மிகுதி என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

“இந்த வயதில் இனி என்ன படிப்பு?” என்று கேட்பவர்கள் உண்டு. 1991–92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கமே அதற்கு விடை. கல் உடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் அங்கே மாலை நேரங்களில் எழுத்துக் கற்றனர். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றனர். பாவின் இழை எண்ணி, கரையின் சித்திரம் பிசகாமல் நெய்பவருக்கும், மண்ணின் நிறம் கண்டு விதைப்பவருக்கும் எழுத்து எட்டாத பொருளன்று. தடையாக நிற்பது அறிவுக்குறைவன்று, கூச்சமே.

“இது அரசாங்கத்தின் வேலை, சங்கத்துக்கு ஏன்?” என்பது மற்றொரு கேள்வி. அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூடிய 28 பேர், நெசவாளர் பலரும் அவருள் அடங்குவர், கடை நடத்தியதோடு அமையவில்லை. பின்னர்க் கிடைத்த இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, வாசகசாலையும் அமைத்தனர். உறுப்பினர் கல்வி இன்றும் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழனுள் ஒன்று. ஆகவே இது நமக்குப் புதிய சுமையன்று. நாம் மறந்திருக்கும் கடமை.

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தறி ஓய்ந்த பின், வாரத்தில் இரண்டு மாலை ஒரு மணி நேரம் சங்கக் கட்டிடத்தின் கதவு திறந்திருக்கட்டும். பயிர்த்தொழில் புரிவோருக்கு அறுவடை முடிந்த மாதங்கள் ஏற்றவை. இரண்டாவது, கற்பிக்கும் பொறுப்பை ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், படித்த நம் பிள்ளைகளும் ஏற்கட்டும். பாவு, ஊடை, விதை, உரம், கூலி என அன்றாடம் நாவில் வழங்கும் சொற்களிலிருந்தே பாடம் தொடங்கட்டும். பெரியவர்களைச் சிறுவர்போல் அதட்டுவது கூடாது. மூன்றாவது, எழுத்துக் கூட்டத் தெரிந்தவுடன் ஒவ்வொருவர் கையிலும் பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுவர் கதைப்புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்ப வேண்டும். இம்மூன்றாவதே முக்கியமானது. படிக்க ஒன்றும் இல்லாதவரிடம் கற்ற எழுத்து நிலைப்பதில்லை. இரவுதோறும் குழந்தை காத்திருக்குமானால், அதைவிடச் சிறந்த தூண்டுகோல் வேறில்லை.

வாய்மொழிக் கதைகளை விட்டுவிடச் சொல்கிறோம் என்று எவரும் கொள்ள வேண்டாம். பாட்டி சொல்லும் கதை குழந்தைக்குப் பெருஞ்செல்வம். அப்பாட்டியே ஒருநாள் புத்தகத்தையும் விரித்து, விரலை வைத்து, தட்டுத்தடுமாறியேனும் ஒரு வரி படித்துக் காட்டுவாளானால் அச்செல்வம் இருமடங்காகும். அவள் தடுமாறுவதைக் குழந்தை குறையாகக் காணாது. கற்பதற்கு வயதில்லை என்பதை அது கண்ணெதிரே காணும்.

இதற்காகும் செலவு சில கரும்பலகைகளும் ஐம்பது, அறுபது சிறு புத்தகங்களுமே. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம். எழுத்தறியாத உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: கூச்சத்தை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். இந்தப் பக்கத்தை இன்று உங்களுக்கு ஒருவர் படித்துச் சொல்லியிருக்கலாம். அடுத்த ஆண்டு நீங்களே இதை உங்கள் பேரக்குழந்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதே நமது அவா.