பாடசாலை நூலகருக்குப் பட்டப்பின் பயிற்சி: தேற்றாத்தீவு வாசகர்களின் நிலைப்பாடு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில், செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் நடுவே அமைந்த தேற்றாத்தீவிலே, நூல்களைச் சேர்ப்பதும் வாசிப்பதும் பிறரை வாசிக்கச் செய்வதுமே நோக்கமாகக் கூடிவரும் எமது வாசகர் வட்டம், பாடசாலை நூலகராக நியமனம் பெறுவோர்க்கு எத்தகைய கல்வி வேண்டும் என்னும் விஷயத்தில் தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது கடமையென்று கருதி இவ்வறிக்கையை வெளியிடுகின்றது. பாடசாலை நூலகர் முதலில் ஆசிரியராக இருத்தல் வேண்டும். அவ்வளவில் அமையாது, நூலகவியலில் பட்டத்திற்கு மேற்பட்ட முறையான பயிற்சியையும் அவர் பெற்றிருத்தல் வேண்டும். அப்பயிற்சி தமிழ் மொழியிலே, கிழக்கு மாகாணத்திலேயே கிடைத்தல் வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

இந்நாட்டில் இக்கோரிக்கைக்கு அடிப்படை இல்லாமலில்லை. 1960ஆம் ஆண்டில் இலங்கை நூலகச் சங்கம் தோன்றியது. 1970இல் தேசிய நூலக சேவைகள் சபை சட்டத்தினால் ஸ்தாபிக்கப்பட்டது. 1999இல், உலக வங்கியின் உதவியோடு நடைபெற்ற பொதுக் கல்விச் செயற்றிட்டத்தின் ஓர் அங்கமாக, கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் உருவாகி, ஆசிரியர்களை நூலகர்களாக ஆக்கும் பட்டப்பின் கற்கைநெறிகளைத் தொடங்கியது. அதே ஆண்டில் யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனமும் ஏற்றுக்கொண்ட பாடசாலை நூலகப் பிரகடனம், பாடசாலை நூலகர் தொழிற்றகைமை பெற்றவராக இருத்தல் வேண்டுமென்று சந்தேகத்துக்கு இடமின்றிக் கூறிற்று. அக்காலத்தையொட்டிப் பல பாடசாலைகள் நூலக அறையும் அலுமாரியும் நூல்களும் பெற்றன. ஆயினும் அறையைக் கட்டுவதிற் காட்டிய சிரத்தை, அவ்வறைக்குரிய மனிதரை ஆக்குவதில் அதே அளவிற் காட்டப்படவில்லை. நேரசூசியிற் பாடவேளை குறைவாயுள்ளவரோ, ஓய்வு பெறுங் காலத்தை அண்மியவரோ நூலக அறையின் திறப்பைப் பொறுப்பேற்று, ஓரிரு நாட் செயலமர்வு ஒன்றிற் கலந்துகொண்டு, நூலகப் பொறுப்பாசிரியர் என்னும் பெயரையும் பெற்றுவிடுகின்றார். இவர்களுட் பலர் நூலின்மீது உண்மையான பிரியம் உடையவர்கள். எவரும் கற்றுக்கொடாத தொழிலைத் தாமாகவே தடவித் தடவிக் கற்று, தம் சொந்தப் பணத்திற் சஞ்சிகைகள் வாங்கி வைத்தவர்களும் அவர்களிடையே உளர். அவர்களைக் குறைகூறுவது எமது கருத்தன்று. அவர்களுக்கு உரிய கல்வியைக் கொடாது விட்ட ஏற்பாட்டையே யாம் ஆட்சேபிக்கின்றோம்.

ஆசிரியத் தொழிலும் நூலகத் தொழிலும் ஒருவரிடத்திற் சேரும்போது யாது விளையும் என்பதற்குத் தமிழருக்கு அயலில் உதாரணம் தேட வேண்டியதில்லை. சீர்காழியில் 1892இற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், சென்னையிற் கணித ஆசிரியராகப் பெயர் பெற்றிருந்த நிலையிலே 1924இற் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக நியமனம் பெற்று, மாணவர் நடமாட்டமற்ற அந்த உத்தியோகத்தின் தனிமையைப் பொறுக்கமாட்டாது, மீண்டும் வகுப்பறைக்கே அனுப்பும்படி கேட்டுக்கொண்டவர். அவருடைய மனத்தை மாற்றியது பயிற்சியே. இலண்டன் யூனிவர்சிட்டிக் கல்லூரியின் நூலகவியற் பள்ளியில் அவர் கற்றார். குரொய்டன் நகரத்துப் பொது நூலகத்தில் பேர்விக் சேயர்ஸ் என்னும் நூலகரின் அருகிலிருந்து, எல்லா வயதினரும் நூலை நாடி வரும் விதத்தைக் கண்டார். ஓர் ஊரின் அறிவு வாழ்வையே நூலகத்தால் நடத்தக்கூடும் என்பதை உணர்ந்து திரும்பிய பின்னர், வகுப்பறைக்குப் போகும் எண்ணத்தையே விட்டார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டபோது, அவ்விதிகளில் நூலுக்கும் வாசகனுக்கும் உள்ள உறவே நடுநாயகமாக நின்றது. முன்னால் இருப்பவனுக்கு எது தேவை என்று ஓயாது கேட்கும் ஆசிரியனின் சுபாவம் அவற்றில் ஊடுருவி நிற்பதை எவரும் காணலாம். சென்னையில் 1929இற் கோடைகால வகுப்பாக ஆரம்பித்த நூலகப் பயிற்சி, 1937இல் அச்சர்வகலாசாலையின் ஓராண்டுப் பட்டப்பின் டிப்ளோமாவாக வளர்ந்தது. பட்டம் பெற்றவரே நூலகவியலைக் கற்கப் புகுதல் வேண்டும் என்னும் கொள்கை, ஆகவே, தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது.

இரங்கநாதன் பிறந்த அதே 1892இல் எமது பிரதேசத்துக் காரைதீவிலே பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவரும் விஞ்ஞானம் கற்ற ஆசிரியர். அவருடைய நூல்களைக் கொண்டே, பயிற்சி ஏன் வேண்டும் என்பதை விளக்கிவிடலாம். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947இல் வந்த யாழ் நூலை எந்த அலுமாரியில் வைப்பது? எமது பாடசாலைகள் கைக்கொள்ளும் தூயி தசாம்சப் பகுப்பிலே தமிழ் இலக்கியம் 894.811 என்னும் எண்ணில் அடங்கும். நரம்பிசைக் கருவிகளுக்கு எண் 787. சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டெழுந்த ஆராய்ச்சியாதலால் இலக்கிய அலுமாரியிலே போட்டுவிட்டால், சங்கீதத்தைப் பாடமாக எடுத்த மாணவி அந்நூல் இருப்பதையே அறியமாட்டாள். இசை அலுமாரியில் வைத்து, பட்டியலில் இலக்கியத்தின் கீழும் ஒரு பதிவு எழுதிவிட்டால், இருவகை வாசகரும் அதனை அடைவர். ஆசிரியர் பெயரை எப்படிப் பதிவது? துறவுக்கு முன்னர் மயில்வாகனம். பிரமசரியத்தில் பிரபோத சைதன்யர். துறவின் பின்னர் விபுலாநந்தர். அதையும் றன்னகரம் இட்டு எழுதுவோர் பலர். இவையனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று மாணவனுக்குக் காட்டவல்ல பட்டியல் தானாக அமைவதில்லை. தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே வைத்து எழுதும் தமிழ் வழக்கும், புனைபெயர்களின் பெருக்கமும், ஐரோப்பியப் பெயர்களை மனத்திற்கொண்டு செய்த விதிகளோடு ஒவ்வொரு நாளும் முரண்படுகின்றன. மேலும், உலகத்துச் சிறுபான்மை மொழிகளோடு ஓர் ஓரத்திலே தசம எண்ணுக்குள் நெருக்கி வைக்கப்பட்ட தமிழ் இலக்கியமே எமது நூலகத்தில் மிகப் பெரிய பகுதியாகின்றது. அதனைச் சிறுவர் கையாளக்கூடிய விதத்திற் பிரித்து அடுக்குவதற்கு, விதியையும் அறிந்து, விதியை எங்கே தளர்த்தலாம் என்பதையும் அறிந்த ஒருவர் வேண்டும். இரு நாட் செயலமர்விலே இந்த விவேகம் வந்துவிடாது.

அவ்வாறாயின் நூலகவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்ற பட்டதாரியை நேரடியாக நியமித்தால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். அத்தகையோர் களனிப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களிலிருந்து வெளிவருகின்றனர். அவர்களுடைய அறிவை யாம் பெரிதும் மதிக்கின்றோம். எனினும் பாடசாலை நூலகத்துக்கு வருகின்ற பிள்ளை, தனக்கு எது வேண்டும் என்று அறிந்து வருவதில்லை. தரம் 6இல் உள்ள சிறுவன் ஒருவன் படம் பார்த்துவிட்டு நூலை மூடி வைக்கும்போது, அவன் சோம்பலால் மூடினானா, எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாமையால் மூடினானா, வீட்டிலே எவரும் வாசித்துக் காட்டாமையாற் கதையின் சுவையை அறியாது மூடினானா என்று பார்த்த மாத்திரத்திலே ஊகிக்கும் ஆற்றல், வகுப்பறையில் நின்று பழகியவருக்கே வாய்க்கும். அவுஸ்திரேலியாவிலே ஆசிரிய நூலகர் என்னும் பதவிக்குரியவர் கற்பித்தல், நூலகவியல் ஆகிய இரண்டிலும் தகைமை பெற்றவராக இருக்க வேண்டுமென்று வைத்திருப்பதன் காரணமும் இதுவே. ஆதலால், நூலகவியற் பட்டதாரிகளுக்குக் கதவை அடைக்காமல், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும் முடித்து ஆசிரியத் தகைமை பெறுமாறு அவர்களை வேண்டுகின்றோம்.

பயிற்சியின் பாடத்திட்டத்திலே எமது பிரதேசத்துக்குரிய ஒரு பகுதியும் இடம்பெறுதல் வேண்டும் என்பதில் யாம் உறுதியாயிருக்கின்றோம். எவ். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வி. சீ. கந்தையா 1964இல் எழுதிய மட்டக்களப்புத் தமிழகமும் அச்சிலே கிடைத்தமையாற் பிழைத்தன, அச்சேறாதவையோ அநேகம். அண்ணாவிமாரின் வீடுகளிற் கிடக்கும் வடமோடி, தென்மோடிக் கூத்துக் கொப்பிகள், கண்ணகி அம்மன் சடங்கிற் படிக்கப்படும் ஏடுகள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், மறைந்தோர் நினைவாக வெளியிடப்படும் சிறு பிரசுரங்கள் ஆகியவற்றுள் ஓர் ஊரின் சரித்திரம் சிதறிக் கிடக்கின்றது. 1978 நவம்பரில் அடித்த சூறாவளியும், 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும், நீண்ட யுத்தமும் கண்ட இக்கரையிலே, ஒரே பிரதியாக இருப்பது எத்துணை அபாயமானது என்பதை எவரும் எமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2005இல் ஆரம்பித்த நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய ஆவணங்களை ஒளிப்படியாக்கிப் பாதுகாக்கும் வழியைக் காட்டியிருக்கின்றது. அம்முறையைக் கற்றறிந்த ஒரு பாடசாலை நூலகர், உயர்தர வகுப்பு மாணவரைத் துணைக்கொண்டே தன் ஊரின் ஏடுகளைப் பட்டியலிடலாம், படியெடுக்கலாம்.

மொழியும் இடமும் பற்றிச் சொல்ல வேண்டியது சிறிதாயினும் கனமுடையது. கொழும்பு எமக்கு 300 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. காலையிலே குருமண்வெளித் துறையிற் பாதை என்னும் மிதவையில் ஏறி மண்டூருக்கும், குருக்கள்மடத்துத் துறையிற் பாதை ஏறி அம்பிளாந்துறைக்கும் சென்று, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, மாலையில் மீளும் ஆசிரியைகள் பலர் வீட்டிற் குழந்தைகளையும் முதியோரையும் பராமரிப்பவர்கள். அவர்களை நோக்கிக் கொழும்புக்குப் போய்க் கற்று வாருங்கள் என்பது, கல்லாதிருங்கள் என்பதற்குச் சமானமே. துறையின் வாசிப்பு நூல்களும் பெரும்பான்மை ஆங்கிலத்தில் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய காலஞ்சென்ற ஸ்ரீகாந்தலட்சுமி அருளானந்தம் நூலகவியலைத் தமிழில் எழுதுவதற்குத் தம் உழைப்பை அர்ப்பணித்தார், என். செல்வராஜா ஈழத்து நூல்களை நூல்தேட்டம் என்னும் தொகுதிகளிலே விபரப்பட்டியலாக்கி வருகின்றார். தமிழிலே பட்டப்பின் கற்கைநெறி ஒன்றை நடத்துவதற்குக் கருவி நூல்கள் இல்லை என்று சொல்லுவோர், இவர்களுடைய பிரயாசையை அறியாதவர்களே. ஆங்கில வாசிப்பு வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழிலே சிந்திக்கவும் பரீட்சை எழுதவும் இடங்கொடுங்கள் என்கின்றோம்.

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாதிருக்கையில் நூலகத்துக்கு ஒருவரை ஒதுக்குவது ஆடம்பரமன்றோ என்னும் ஆட்சேபத்தை யாம் இலேசாக எண்ணவில்லை. படுவான்கரையில் உள்ள அதிபர் ஒருவர் இதனைச் சொல்லும்போது அதன் பின்னே உண்மையான கஷ்டம் இருக்கின்றது. எனினும், ஆசிரியர் இல்லாத பாடத்தைப் பிள்ளை தானே படித்துக்கொள்வதற்கு இடமளிப்பது நூலகம் ஒன்றே. இணையம் இருக்கிறதே என்பாரும் உளர். கைத்தொலைபேசியிற் கிடைப்பவற்றுள் எது மெய், எது விளம்பரம், எது எவராலோ இட்டுக்கட்டப்பட்டது என்று பகுத்துணரக் கற்பிப்பதும் இன்றைய பாடசாலை நூலகரின் வேலையே. ஆதலின் இணையம் வந்தமையாற் பயிற்சியின் அவசியம் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதியை அண்டிய இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததை ஆண்டுதோறும் தமிழர் துக்கத்தோடு நினைவுகூருகின்றோம். அத்துக்கத்துக்கு உரிய மரியாதை, எமது பிள்ளைகளின் பாடசாலையிலே பூட்டிக் கிடக்கும் நூலக அறையைத் திறந்து நடத்தவல்லவரை ஆக்குவதிலும் காட்டப்படல் வேண்டும் என்பது எமது உறுதியான நம்பிக்கை.

ஆகவே, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், கொழும்பிலுள்ள தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகத்தோடு கலந்து, ஆசிரியர்களுக்கென ஓராண்டுப் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றைத் தமிழிலே, வார இறுதியிலும் பாடசாலை விடுமுறையிலும் நடத்துதல் வேண்டும்; செய்முறைப் பயிற்சி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் உள்ள பாடசாலை நூலகங்களிலேயே நடைபெறுதல் வேண்டும்; தாழங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியிற் பயிலும் ஆசிரிய மாணவருக்கும் இதன் ஆரம்பப் பாடம் போதிக்கப்படல் வேண்டும். உயர்தர வகுப்புகளையுடைய 1ஏபி, 1சி பாடசாலைகள் ஒவ்வொன்றுக்கும் இத்தகைமையுடைய ஒருவர் வேண்டும். சிறு பாடசாலை ஒவ்வொன்றுக்கும் தனியொருவரைக் கேட்பது நியாயமாகாது என்பதை யாம் அறிவோம்; அவற்றை அயலுக்கு அயல் சேர்த்து, நாளுக்கு ஒன்றாகச் சென்று வரும் ஒருவரை நியமிக்கலாம். பயின்று வந்தவரைக் குறைந்தது 5 ஆண்டுகள் நூலகத்திலேயே நிறுத்துதல் வேண்டும். வராத ஆசிரியரின் வகுப்பைக் கவனிக்க அவரை அனுப்பி நூலகத்தைப் பூட்டுவதை வலயக் கல்விப் பணிமனை அனுமதித்தல் ஆகாது. நூலகப் பொறுப்பை இதுவரை தகைமையின்றித் தாங்கிவந்த ஆசிரியர்களுக்கு அனுமதியில் முதலிடம் அளித்து, அவர்களுடைய சேவைக் காலத்தையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

இக்கோரிக்கைகளைப் பட்டிருப்பு வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் எழுத்து மூலம் சமர்ப்பிக்கின்றோம். கற்கைநெறி ஆரம்பிக்குமாயின், செய்முறைப் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் பகுத்துப் பட்டியலிட்டுப் பழகுவதற்கென, எமது அங்கத்தவர் வீடுகளிலுள்ள பழைய நூல்களையும் மலர்களையும் சஞ்சிகைகளையும் அவர்களிடம் ஒப்படைக்கச் சம்மதித்திருக்கின்றோம்.