தாகத்தை அடக்கலாமா?

வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் மார்கழிப் பனி நடுக்கினாலும், நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸை விட்டு விலகுவதில்லை. புறச்சூழல் மாறினும் அகச்சூழல் மாறாதிருப்பதே உயிர்வாழ்வின் அடிப்படை என்று 19-ஆம் நூற்றாண்டில் எடுத்துரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு. 1926-ஆம் ஆண்டில் அமெரிக்கரான வால்ட்டர் கேனன் இதற்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' எனப் பெயரிட்டார். தமிழில் 'அகச் சமநிலை' எனலாம்.

இச்சமநிலையில் நீருக்குத் தலையாய இடம் உண்டு. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மீண்டும் இரத்தத்துக்கே தந்துவிடுகின்றன. இரத்தத்தில் நீர் சற்றே குறைந்து உப்பின் செறிவு கூடினால், மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உடனே உணர்கிறது. தாகத்தைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி சுரப்பியின் வழியே ஒரு ஹார்மோனை அனுப்பி, நீரைச் சேமிக்குமாறு சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகிறது. எத்துணைச் சிக்கனமான நிர்வாகம்!

ஆனால் சிக்கனத்துக்கும் எல்லை உண்டன்றோ? கழிவுகளை வெளியேற்ற நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவேனும் சிறுநீர் பிரிந்தாக வேண்டும். வியர்வையாலும் மூச்சாலும் நீர் போய்க்கொண்டே இருக்கும். இழந்ததை ஈடுசெய்ய நாம் குடித்தே தீர வேண்டும்.

காலையில் பஸ் ஏறியது முதல் மாலையில் வீடு திரும்பும்வரை ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காத மாணவியர் நம்மிடையே உண்டு. அவர்களுக்குத் தாகம் இல்லாமல் இல்லை. தாழ்ப்பாள் இல்லாத, குழாயில் நீர் வராத கழிப்பறைக்குச் செல்ல அஞ்சியே தாகத்தை அடக்குகின்றனர். தலைவலி, சோர்வு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் என்று இதன் விளைவுகள் நீளக்கூடும். பிற்பகல் வகுப்பில் சோர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், அவர் தண்ணீர் குடித்தாரா என்று எண்ணிப் பார்த்தோமா?

"வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தால் போதாதா?" என்பர் சிலர். போதாது. வரவும் செலவும் சேர்ந்ததுதான் கணக்கு; குடிநீரும் கழிப்பறையும் சேர்ந்ததுதான் சுகாதாரம். கேரளப் பள்ளிகளில் 2019-ஆம் ஆண்டில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினர். பாராட்டத் தக்கதே. எனினும் மணியோசை கேட்டுக் குடித்தவர் கூச்சமின்றிச் சென்றுவரத் தூய கழிப்பறையும் வேண்டும்.

விழாவுக்குத் தோரணம் கட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் ஒரு தாழ்ப்பாளுக்கும் ஒரு குழாய்க்கும் காட்டுமாறு ஆசிரியப் பெருமக்களையும் மாணவர் பேரவையையும் வேண்டுகிறேன். தூய்மையாகப் பயன்படுத்துவது மாணவராகிய நம் பொறுப்பு. நாம் வகுப்பில் உறங்கினாலும் ஹைப்போதலாமஸ் உறங்குவதில்லை. தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கிறது. அதன் சொல்லைக் கேட்டு அஞ்சாமல் ஒரு குவளை நீர் அருந்தும் நிலையை உருவாக்குவது நம் கடமை.