யானைக்கு வழி விடுங்க பாஸ்!



குந்தாரப்பள்ளின்னா எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைதான் ஞாபகம் வரும். எனக்கு இப்போ யானையும் வருது. அங்கிருந்து ஓசூர் போற ஹைவேயில, சூளகிரி தாண்டினா சானமாவு காடு. போன சீசன்ல ஒரு சாயங்காலம் எங்க பஸ் அங்கே நின்னுடுச்சு. ரோட்டோரம் யானைக் கூட்டம், நடுவுல ஒரு குட்டி. டிரைவர் அண்ணன் கத்தக் கத்த, பாதி பஸ் கீழே இறங்கிடுச்சு. விசில், ஃபிளாஷ், 'மச்சி, இங்க பாரு'! மிரண்ட கூட்டம் திசை மாறி ஊர்ப்பக்கம் ஓடிச்சு. நானும் இறங்கினவன்தான், வீடியோ எடுத்தவன்தான்.

ராத்திரிதான் உறைச்சுது. விடியற்காலம் பால் கறக்கப் போற அம்மாவுக்கும், ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு இருட்டுல நடக்கிற அண்ணனுக்கும், யானை அங்கே நிக்குதுன்னு யார் சொன்னது?

பன்னார்கட்டா காட்டுல இருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியா சானமாவு வரைக்கும் யானைகள் வர்றது வருஷா வருஷம் நடக்கிற கதை. ராகி முத்துற சீசன்ல வரத்து ஜாஸ்தி. பகல்ல காட்டுல ஓய்வு, ராத்திரி வயல்ல டின்னர். ஒரே ராத்திரியில மொத்த விளைச்சலும் போனா விவசாயி என்ன செய்வார்? கோபம் நியாயம்தான். ஆனா திருட்டு கரென்ட் வேலி தீர்வு இல்லை. 2023 மார்ச்சில் பக்கத்து தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி கிட்ட அப்படி ஒரு வேலியில சிக்கி 3 யானைகள் செத்துச்சு. மனுஷன் கால் வச்சாலும் அதே கதிதான்.

வால்பாறையைப் பாருங்க. அங்கே ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமார் டீம், யானை எங்கே நிக்குதுன்னு மக்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாங்க, யானை பக்கத்துல இருந்தா எரியற சிவப்பு விளக்கும் வச்சாங்க. அந்த வேலைக்காக அவருக்கு 2015-ல விட்லி விருது கிடைச்சுது. சிம்பிள் லாஜிக்: பல பேர் செத்தது, யானை இருக்கிறது தெரியாம எதிர்ல போனதால!

நம்ம கையில இருக்கிறதும் அதே செல்போன்தானே? யானையைப் பார்த்தா தூரத்துலயே வண்டியை நிறுத்துங்க. ஹாரன், ஃபிளாஷ், கல் வேண்டாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல போகவே போகாதீங்க. வனத்துறைக்கும், அந்த ஊர்ல இருக்கிற ஃப்ரெண்டுக்கும் ஒரு போன் போடுங்க. வனத்துறை நம்பரை இன்னிக்கே சேவ் பண்ணிடுங்க.

என் வீடியோவுக்கு நிறைய லைக் வந்துச்சு. அழிச்சுட்டேன். அடுத்த தடவை பஸ் நின்னா, நான் ஸீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன். நீங்க?