கணினி சொன்னால் கடனாகிவிடுமா?

"உங்களுக்குக் கூடுதலாக உதவித்தொகை கொடுத்துவிட்டோம், திருப்பிச் செலுத்துங்கள்" என்று அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? சிலர் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள். சிலர் பயந்துபோய்க் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். "இந்தக் கணக்கு எப்படி வந்தது?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைக் கேட்பது உரிமை. கேட்கத் தெரியாதவர்களுக்காகக் கேட்பது படித்த இளைஞர்களின் கடமை என்பது என் கருத்து.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 2016-இல் அங்கே சமூகநல உதவி பெற்றவர்களின் வருமானத்தைச் சரிபார்க்கும் வேலை கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. 'ரோபோடெட்' என்ற பெயரில் அது உலகம் முழுவதும் அறியப்பட்டது. வரி அலுவலகத்தில் பதிவான ஓராண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்து, ஒவ்வோர் இரண்டு வாரத்திலும் அவர் அதே அளவு சம்பாதித்ததாகக் கணினி எடுத்துக்கொண்டது.

ஒரு மாணவர் ஆண்டின் முதல் பாதியில் வேலை செய்து 13,000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் பாதியில் வேலை இல்லை, படிப்புதவி பெறுகிறார். உதவி பெற்ற காலத்தில் அவருடைய வருமானம் சுழியம். ஆனால் 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் 500 வருகிறது. உடனே, "உதவி பெற்றபோதும் இரண்டு வாரத்துக்கு 500 டாலர் சம்பாதித்திருக்கிறீர்கள்" என்று கணினி கடன் சுமத்திவிடும். தவறு என்றால் பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளை அவரே தேடிக் கொண்டுவர வேண்டும். கேட்பவர் நிரூபிக்க வேண்டியதைக் கேட்கப்பட்டவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

டியன்னா அமாட்டோ என்ற பெண்ணுக்கு, முன்பு மாணவியாக இருந்தபோது பெற்ற படிப்புதவிக்காகச் சுமார் 2,700 டாலர் கடன் விதிக்கப்பட்டது. அவருக்குத் திரும்ப வரவேண்டிய வருமான வரிப் பணத்தையும் அதற்காகப் பிடித்துக்கொண்டார்கள். விக்டோரியா மாநிலச் சட்ட உதவி அமைப்பு அவர் சார்பில் கூட்டரசு நீதிமன்றம் சென்றது. அதன் பிறகே முதலாளியிடமிருந்து உண்மையான சம்பள விவரம் பெறப்பட்டது. மறுபடி கணக்கிட்டபோது அவர் கட்ட வேண்டியிருந்தது 1 டாலர் 48 காசு! 2019 நவம்பர் 27-ஆம் தேதி, அந்தக் கடன் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது. அடுத்த ஆண்டு, சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் கடன்களுக்காக வசூலித்த 72 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பித் தர அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 2023 ஜூலையில் வெளிவந்த அரச விசாரணை ஆணைய அறிக்கை, அத்திட்டத்தில் நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை என்று கண்டித்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு தகவல். இந்த முறைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாய உறுப்பினர் டெரி கார்னி 2017-லேயே முடிவு சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் கட்டத்துத் தீர்ப்புகள் வெளியிடப்படுவதில்லை. எதிர்த்துக் கேட்டவரின் கடன் மட்டும் நீங்கியது. கேட்காதவர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நெதர்லாந்திலும் இதே கதைதான். குழந்தைப் பராமரிப்பு உதவி பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர்களை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தி, சிறு படிவப் பிழைக்குக்கூட முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். வெளிநாட்டு வம்சாவளிக் குடும்பங்கள் அதிகம் பாதிக்கப்பட்டன. ஏவா கொன்சாலெஸ் பெரெஸ் என்ற வழக்கறிஞர் அப்பெற்றோர்கள் சார்பில் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். விவகாரம் முற்றி, 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அரசாங்கமே பதவி விலகியது.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நாட்டில் 2024 ஜனவரி 2-ஆம் தேதி 'பாடு' எனப்படும் மையத் தரவுத் தளம் தொடங்கப்பட்டது. யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பதை இனி தரவுகள்தான் அதிகம் தீர்மானிக்கும். உதவி உரியவரைச் சேர இது தேவையே. ஆனால் கிள்ளானில் பகுதி நேர வேலை, ஒப்பந்த வேலை, உணவு விநியோகம் என்று வாழும் குடும்பங்களுக்கு ஒரு மாதம் போல் மறுமாதம் வருமானம் இருப்பதில்லை. சராசரிக் கணக்கு முதலில் தவறாகப் போவது இவர்களிடத்தில்தான்.

"அப்படியென்றால் ஏமாற்றி வாங்கியவர்களை விட்டுவிடுவதா?" என்று கேட்கலாம். இல்லை. தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நமது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொல்கிறது. அது பொது மக்களின் வரிப்பணம். ஆனால் உண்மையில் கூடுதலாகக் கொடுக்கப்பட்டதா, எவ்வளவு, யாருடைய தவறு என்பவை முதலில் தெளிவாக வேண்டும். அரசு தன் கீழ்நிலை ஊழியர்களுக்குத் தவறுதலாகக் கொடுத்த கூடுதல் சம்பளத்தை அவர்களிடமிருந்து வசூலிக்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014-இல் ரஃபிக் மசிஹ் வழக்கில் கூறியது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், கொடுத்தவரின் தவறுக்கு ஏழை மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இங்கும் பொருந்தும்.

நாம் என்ன செய்யலாம்? நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். அலுவலக மலாய் நமக்குப் புரியும். அதைப் பாட்டிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தமிழில் விளக்கவும் வரும். கடிதத்தின் தேதியையும் மேல்முறையீட்டுக் கெடுவையும் முதலில் குறித்து வையுங்கள். எந்த மாதங்களுக்கு, எந்த வருமானத்தின் அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை மாத வாரியாக அடுக்குங்கள். வேறொருவருக்காகப் பேசப் போனால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

நாம் வழக்கறிஞர்கள் அல்லர். அதை மறந்துவிடக் கூடாது. விவகாரம் பெரிதானால் அரசாங்கச் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடச் சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம். அரசாங்க முடிவை உயர் நீதிமன்றத்தின் சீராய்வுக்குக் கொண்டுபோக மூன்று மாதமே அவகாசம் உண்டு.

பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை, ஓர் ஆலய மண்டபத்தில் நான்கு நாற்காலி போட்டுக் 'கடிதம் வாசிக்கும் முகாம்' ஒன்றையும் நடத்தினால் என்ன? அலமாரியில் மடித்து வைத்த கடிதங்கள் அன்றாவது வெளியே வரும்.