செவ்வாய்க் கிரகமும் தொழிலாளி வீட்டுக் கல்யாணமும்

வருகிற 2027 பிப்ரவரி 19 மாலை, சூரியன் மேற்கே விழும் வேளையில் செவ்வாய்க் கிரகம் கிழக்கே எழும். இரவு முழுவதும் வானத்தில் நிற்கும். விடியற்காலையில் மேற்கே இறங்கும். சூரியனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே நமது பூமி வந்து சேரும் நாள் அது. ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒரு முறை இப்படி நேருகிறது. 2020 அக்டோபரில் நேர்ந்தது. 2022 டிசம்பரில் நேர்ந்தது. 2025 ஜனவரியில் நேர்ந்தது.

இப்படி நேரும்போதெல்லாம் விஞ்ஞான ஸ்தாபனங்களும் வானியல் ஆர்வலர்களும் தொலைநோக்கி வைத்துக் காட்டுகிறார்கள், சொற்பொழிவு நடத்துகிறார்கள். கொரோனாவினால் ஜனங்கள் கூட முடியாமல் இருந்த 2020ல் அந்தச் சொற்பொழிவுகள் இணையவழியாகக் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தன. பிறகும் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. நல்ல காரியம். மனமார வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் தொழிலாளிக்கும், ஆவடியில் ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளிக்கும், பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் நாற்று நடும் கூலித் தாய்க்கும் இதில் என்ன பங்கு?

ஏன் கேட்கிறோம்? செவ்வாய் இவர்கள் வீட்டுக்குப் புதியதல்ல. ஜாதகக் கட்டத்தின் வழியாக எப்போதோ உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டது.

அம்பத்தூரில் ஏற்றுமதித் துணிக் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் மெஷினில் குனிந்து உழைக்கிறார்கள். ஓவர்டைம் பார்த்து, சீட்டுக் கட்டி, கல்யாணத்துக்கென்று நாலு காசு சேர்க்கிறார்கள். பெண் பார்க்க வருகிறார்கள், பிடித்திருக்கிறது என்கிறார்கள். பிறகு ஜோதிடர் வாய் திறக்கிறார்: "பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம்." அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது. அல்லது, இன்னொரு விதமாகப் பேச்சு தொடங்குகிறது: "தோஷம் இருக்கிறது, இருந்தாலும் பார்க்கலாம். நகையில் கொஞ்சம் கூடப் போடுங்கள்." தோஷம் இங்கே பேரத்துக்குத் துருப்புச் சீட்டு ஆகிறது. பரிகாரத்துக்கு ஒரு செலவு, நகைக்கு ஒரு கடன், கடனுக்கு வட்டி. யார் தலையில் விழுகிறது? உழைத்துச் சம்பாதித்த அந்தப் பெண்ணின் தலையில், அவளைப் பெற்றவர்கள் தலையில்!

இந்தத் தோஷத்தின் கணக்கைத்தான் கொஞ்சம் பார்ப்போமே. ஜாதகத்தில் 12 வீடுகள். லக்கினத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டில் ஐந்து. அதாவது நூறு பேர் பிறந்தால் சுமார் 42 பேருக்குத் தோஷம்! லக்கினத்திலிருந்து மட்டும் போதாது, சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அப்படி எண்ணினால் தப்புகிறவர்களை விரல்விட்டுத் தேட வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு இருப்பது எப்படி ஒரு பெண்ணின் தனிக் குற்றமாகும்? இந்தக் கணக்கு போட பட்டப்படிப்பு வேண்டாம். சம்பளச் சீட்டில் பிடித்தத்தைச் சரிபார்க்கத் தெரிந்த எந்தத் தொழிலாளிக்கும் இது போதும்.

சரி, அந்தச் செவ்வாய் உண்மையில் என்ன?

பூமியின் குறுக்களவில் ஏறத்தாழ பாதியே உள்ள ஓர் உருண்டை. நம்மைப் போலவே சூரியனைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 687 நாட்கள். அங்கே ஒரு நாள் என்பது நம் நாளைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளம். (முதலாளிமார் காதில் விழுந்தால் அந்த 40 நிமிடத்துக்கும் வேலை வைத்துவிடுவார்கள்.) காற்று மிக மெல்லியது, அதிலும் பெரும்பகுதி கரியமில வாயு. சராசரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி. அது ஏன் சிவப்பு? கோபத்தினாலா? ரத்த தாகத்தினாலா? இல்லை, தோழர்களே. துரு! அதன் மண்ணிலும் தூசியிலும் கலந்திருப்பது இரும்புத் துரு. மழையில் கிடந்த தகட்டில், பட்டறை மூலையில் குவிந்த சீவலில் நாம் தினமும் பார்க்கும் அதே ஜாதித் துரு. இரும்போடு வாழ்கிற அம்பத்தூர்த் தொழிலாளியை அந்தத் துருவைக் காட்டியா பயமுறுத்துவது?

அதன் பாதையைக் கண்டுபிடித்த கதையும் நாம் அறியத்தக்கது. டைகோ பிராகி என்ற டென்மார்க்கு நாட்டவர், தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறும் கண்ணால் வருஷக்கணக்கில் செவ்வாயின் இடத்தைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளை வைத்து ஆண்டுக்கணக்கில் போராடிய கெப்ளர், கிரகங்கள் வட்டத்தில் அல்ல, நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று 1609ல் வெளியிட்டார். இத்தனைக்கும் அவர் பிழைப்புக்காகப் பிரபுக்களுக்கு ஜாதகம் கணித்துக் கொடுத்தவர். வயிற்றுக்காக ஜாதகம், உண்மைக்காகக் கணக்கு. நிலைத்தது கணக்குத்தான். இன்று செவ்வாய்க்குக் கலம் அனுப்புகிறவர்கள் கையில் இருப்பது ஜாதகக் கட்டம் அல்ல, கெப்ளரின் நீள்வட்டம்.

அந்தக் கணக்கை நம்பித்தான் 1971 டிசம்பர் 2 அன்று சோவியத் நாட்டின் 'மார்ஸ் 3' செவ்வாய்த் தரையில் மெதுவாக இறங்கியது. சில வினாடிகளிலேயே அதன் குரல் அடங்கினாலும், அந்த மண்ணில் அப்படி இறங்கிய முதல் கலம் அதுவே. நமது நாட்டு மங்கள்யான் 2013 நவம்பர் 5 பிற்பகல் 2.38க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அன்று என்ன கிழமை? செவ்வாய்க்கிழமை! "செவ்வாயோ வெறுவாயோ" என்று நல்ல காரியம் எதையும் அன்று தொடங்க மறுக்கிறவர்கள் நிறைந்த நாட்டில், செவ்வாய்க்கிழமையில் செவ்வாய்க்கே ஒரு கலம் புறப்பட்டது. வெறுவாயாகவா போயிற்று? 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. முதல் முயற்சியிலேயே வெற்றி. ஆசியாவில் முதல் வெற்றி. ஆறு மாதம் வேலை செய்யும் என்று கணக்கிட்டு அனுப்பிய கலம், 2022ல் தொடர்பு அறும்வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் சுற்றியது.

அந்தத் திட்டத்தில் முன்னின்ற மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடிக் கிராமத்தில் பிறந்து தமிழிலேயே பள்ளிப்படிப்பு படித்தவர். திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமைக்காரர். செலவு சுமார் 450 கோடி ரூபாய். அது யார் பணம்? தீப்பெட்டி முதல் செருப்பு வரை வாங்கும்போதெல்லாம் வரி கட்டும் ஜனங்களின் பணம். ஆகவே செவ்வாயைப் பற்றி அறிய வேண்டும் என்று தொழிலாளி கேட்பது பிச்சை அல்ல, பாத்தியதை. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976ல் அரசியல் சட்டத்தில் 51ஏ பிரிவாகச் சேர்த்தார்கள். கடமையைச் சொன்ன சர்க்கார், அதைச் செய்ய வசதியும் தர வேண்டாமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பூந்தமல்லியில் இருக்கும் வைத்தீஸ்வரன் கோயிலைச் சென்னை வட்டாரத்து நவக்கிரகத் தலங்களில் செவ்வாய்க்கு உரியது என்று ஜனங்கள் போற்றுகிறார்கள். மகள் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று அங்கே விளக்கேற்றும் தாயை நாம் ஏளனம் செய்யவில்லை. அவள் கவலை உண்மையானது. அந்தக் கவலையை உண்டாக்கி, வளர்த்து, விலைக்கு விற்கிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறோம். கோயிலுக்குப் போவது அவரவர் இஷ்டம். ஒரு பெண்ணின் வாழ்வைக் கட்டத்தில் அடைப்பது யாருடைய இஷ்டமாகவும் இருக்க முடியாது.

அப்படியானால் உண்மை ஏன் இங்கே வந்து சேரவில்லை?

முதலாவது, இடம். 2025 ஜனவரியில் கோட்டூர்புரத்தில் உள்ள அறிவியல் மையத்தில் தொலைநோக்கி வைத்துக் கிரகங்களைக் காட்டினார்கள். பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ இருப்பவர் பெண்டு பிள்ளைகளுடன் மின்சார ரயில் ஏறி, வண்டி மாறி, அங்கே போய்ப் பார்த்து நள்ளிரவுக்கு முன் வீடு திரும்ப வேண்டும். மறுநாள் காலை ஷிப்டுக்கு யார் போவது?

இரண்டாவது, நேரம். இணையவழிச் சொற்பொழிவு பெரும்பாலும் மாலை வேளையில். அப்போது இரண்டாவது ஷிப்ட் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். வயல் வேலைக்காரரோ நாளை விடியுமுன் எழ வேண்டியவர்.

மூன்றாவது, மொழி. நல்ல பேச்சுகளில் பல இங்கிலீஷில். கைப்பேசியில் தமிழில் தாராளமாக வருவது எது? ராசிபலன்! "செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியப் போகிறது" என்ற புளுகும் அதே கைப்பேசியில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் சுற்றுகிறது. 2003 ஆகஸ்டு 27 அன்று செவ்வாய் சுமார் 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு நெருங்கி வந்தது. அறுபதாயிரம் ஆண்டுகளில் இல்லாத நெருக்கம். அன்றுகூட அது வெறும் கண்ணுக்கு ஒரு பிரகாசமான புள்ளிதான். பொய்க்கு டிக்கட் இல்லாமல் தமிழில் இடம். உண்மைக்கு இங்கிலீஷில், தூரத்தில், நேரம் கெட்ட நேரத்தில் இடம். இது என்ன நியாயம்?

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வழக்கமும் அல்ல. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874ல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடக்கும் காட்சி வந்தபோது, அதை விளக்கி நம் நாட்டு மொழிகளில் சிறு பிரசுரம் கொண்டுவந்தார். 1923ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர், 1930களில் விஞ்ஞானத்தையும் மூடநம்பிக்கையின் கேட்டையும் பற்றித் தமிழில் கட்டுரை கட்டுரையாக எழுதினார். கூலிப் போராட்டமும் விஞ்ஞானமும் அவருக்கு இரண்டல்ல.

"வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, செவ்வாய் எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு நமது பதில் இது: பரிகாரத்துக்கும் தோஷ நகைக்கும் போகிற பணம் வயிற்றுப்பாட்டுப் பணம்தான். மேலும், எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்று பாட்டாளி மக்கள் ரத்தம் சிந்திக் கேட்டார்கள். நமக்கென்று கேட்ட அந்த எட்டு மணி எதற்கு? படிக்க, பேச, குழந்தையைத் தோளில் வைத்து வானம் பார்க்க! 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நமது சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு எழுந்த பிறகு மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. அந்த மசோதா நம்மிடமிருந்து பறிக்கப் பார்த்தவற்றில் இந்த வானமும் ஒன்று.

ஆகவே நமது கோரிக்கைகள் எளியவை.

2027 பிப்ரவரி 20 சனிக்கிழமை. அன்று இரவு மாசிப் பௌர்ணமி நிலவு மகம் நட்சத்திரத்தின் அருகே வரும். செவ்வாயும் அங்கேயே நிற்கும். தேடி அலைய வேண்டியதில்லை. அதே பக்கத்து வானத்தில் வியாழனும் பளிச்சென்று இருக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று இடங்களிலும் அன்று பள்ளிக்கூட மைதானங்களில் சர்க்கார் தொலைநோக்கி வைக்க வேண்டும். இலவசமாக, தமிழில், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் காட்ட வேண்டும். கம்பெனி விளக்குகளின் வெளிச்சம் இதற்குத் தடையல்ல. மங்கலான நட்சத்திரங்களைத்தான் அது மறைக்கும், கிரகங்களை மறைக்காது. இணையவழிச் சொற்பொழிவுகளைத் தமிழில் பதிவு செய்து, எந்த நேரத்திலும் கேட்கும்படி வைக்க வேண்டும். இதற்கு இப்போதே கையெழுத்து வாங்கி மகஜர் கொடுப்போம்.

சர்க்கார் செய்யட்டும் என்று கை கட்டி நிற்கவும் வேண்டாம். ஆறு அங்குலக் கண்ணாடியைக் கார்போரண்டம் பொடி போட்டுக் கையாலேயே தேய்த்து, தொலைநோக்கி செய்கிற வித்தையை உலகெங்கும் சாதாரண மனிதர்கள் செய்துவருகிறார்கள். குழாயும் தாங்கியும் கடைந்தெடுக்க அம்பத்தூரில் கைகளுக்கா பஞ்சம்? ஒரு சங்கம் மனம் வைத்தால் ஒரு தொலைநோக்கி. சங்க அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி. அதில் பதிவு செய்த தமிழ்ச் சொற்பொழிவு.

முதல் வரிசை பெண்களுக்கு. தையல் மெஷினை விட்டு எழுந்து வரும் பெண் முதலில் பார்க்கட்டும். மங்கள்யான் அனுப்பிய வண்ணப் படம்போல அங்கே தெரியாது. சுமார் 10 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சின்னஞ்சிறு செந்நிற வட்டம்தான் தெரியும். அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் அவள் கண்ணுக்கு வரவே ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவள் பார்க்கட்டும், அவளைப் பெற்ற தாயும் பார்க்கட்டும், பெண் கேட்டு வந்தவர்களையும் அழைத்து வந்து காட்டுவோம். அந்தத் துருப்பிடித்த உருண்டையா இவள் கல்யாணத்தைத் தடுக்கிறது என்று அவர்களே சொல்லட்டும்.